பதினேழாம் எண் அவர்கள்

மனித குலத்தை மூன்று முறை அழிக்கப் போதுமான நான்காயிரத்து இருநூற்றுப் பதினாறு நோய்க்கிருமிகள், அறிவியலின் காவலில், நிரந்தர அமைதியுடன் இங்கே துயில்கின்றன என்று நோய்க்கிருமிக் காப்பகத்தின் வாசலில் பளிங்குக் கல்லில் பொறித்து வைத்திருந்தார்கள். 'அமைதியுடன்' என்ற சொல்லின் மேல் கொஞ்சம் ரத்தம் காய்ந்திருந்தது. போன வாரம் உலர்ப் பிரிவைச் சேர்ந்த ஒருவருடைய தலையைக் குளிர்ப் பிரிவைச் சேர்ந்த இருவர் அந்தச் சொல்லில்தான் மோதினார்கள். கல்லுக்குச் சேதம் இல்லை என்று பராமரிப்புப் பதிவேடு சொல்கிறது. தலை பராமரிப்புத் துறையின் கீழ் வராது.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு அந்தக் கல்லின் முன்னால் வந்து நின்ற பெண்ணுக்கு இந்த வரலாறு தெரியாது. அவள் நூற்றிருபது படுக்கை உள்ள ஓர் ஆஸ்பத்திரியின் ஒரே ஆய்வகப் பணியாளர். பெரிய டாக்டரிலிருந்து லிஃப்ட் ஓட்டுகிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அவள் லேப் அக்கா. அவள் வந்தது ஒரு காலுக்காக. அவளுடைய கால் இல்லை, கொழுந்தனின் இடது கால்.

கொழுந்தன் மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிறவன். இரண்டு வாரத்துக்கு முன்னால் கம்பத்திலிருந்து வழுக்கி இறங்கியதில் இரும்புப் பட்டை ஒன்று முழங்காலிலிருந்து கணுக்கால் வரை அவனைக் கிழித்துவிட்டது. புண் சீழ் பிடித்தது. லேப் அக்கா சீழிலிருந்து கிருமியை வளர்த்து, அதைப் புதுத் தட்டில் பரப்பி, அதன்மேல் ஆறு மருந்துகளின் டிஸ்க்குகளை வைத்தாள். டிஸ்க் என்பது மருந்தில் நனைத்துக் காயவைத்த, பொத்தான் அளவுக் காகித வட்டம். மருந்து கிருமியைக் கொன்றால் டிஸ்க்கைச் சுற்றித் தெளிவாக ஒரு வளையம் விழும். ஆறில் ஒன்றுக்குக்கூட வளையம் விழவில்லை.

சர்ஜன் தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எந்த மருந்துக்கும் சாகாத ஜாதி. முழங்காலுக்கு மேல எடுத்துடலாம். வியாழக்கிழமை பத்து மணி" என்றார், முடி வெட்ட நேரம் குறிப்பவரைப் போல.

"சார், போன மாசம் லேப் ஃபிரிட்ஜ் மூணு வாரம் ரிப்பேர்ல கிடந்துச்சு. டிஸ்க் எல்லாம் வெயில்ல வெந்திருக்கு. டிஸ்க்கே செத்துப்போயிருக்கலாம்."

"அப்ப புது டிஸ்க் போட்டுப் பாருங்க."

புதுப் பெட்டி ஸ்டோரில் இருந்தது. ஸ்டோர்கீப்பர் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். "பழைய பெட்டி கெட்டுப்போச்சுன்னு நிரூபிச்சாத்தான் புதுசைப் பிரிக்க முடியும். காப்பகத்துக் கிருமியை வெச்சு நிரூபிக்கணும். விதி அது. எனக்கு உங்க மேல என்னக்கா கோபம்?"

காப்பகத்தில் பதினேழாம் எண் என்று ஒரு கிருமி உண்டு. ஒரு காலத்தில் ஊர் ஊராகக் கொன்று குவித்தது. ஆனால் இந்த ஆறு மருந்துகளுக்கும் அது தப்பாமல் சாகும் என்பது எழுதிவைத்த உண்மை. அதன்மேல் டிஸ்க்கை வைத்து வளையம் விழாவிட்டால் குற்றம் டிஸ்க்கினுடையது. அப்படி நிரூபித்துவிட்டால் கால் பிழைக்கும். விஷயம் அவ்வளவுதான்.

கிளம்பும்போது கொழுந்தன் படுக்கையிலிருந்து கேட்டான். "அண்ணி, ஒத்தக் கால்காரனைக் கம்பம் ஏறச் சொல்லுவாங்களா, இல்ல கீழ நின்னு ஏணி பிடிக்கச் சொல்லுவாங்களா?"

"வாயை மூடிட்டுப் படு."

"ஏணி பிடிக்கிறவனுக்கும் ரெண்டு கால் வேணும் அண்ணி. யோசிச்சுப் பார்த்துட்டேன்."

காப்பகத்தின் காவலாளி அவளுடைய பையைக் கொட்டிப் பார்த்தார். தண்ணீர் பாட்டில், பணப்பை, சின்ன ஐஸ் பெட்டி, கொழுந்தனின் சீழிலிருந்து வளர்த்த கிருமி ஒரு குழாயில்.

"ஆயுதம் ஏதாவது?"

"இல்லீங்க."

"ஒண்ணுமே இல்லையா?" காவலாளியின் முகத்தில் உண்மையான கவலை தெரிந்தது. "முன்னாடியே போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனேம்மா." மேசைக்கு அடியிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தார். முன்பக்கத்தில் 'பார்வையாளர்' என்று எழுதி, பின்பக்கம் நசுங்கியிருந்தது. "இதைக் கழட்டாதீங்க. இந்தப் படிவத்துல ரத்த வகை, நெருங்கின உறவுக்காரங்க போன் நம்பர் எழுதுங்க. கையெழுத்து இங்க. வலது கைப் பழக்கமா, இடது கையா?"

"வலது. எதுக்கு?"

"திரும்பி வர்றப்ப எந்தக் கையால கையெழுத்துப் போட முடியும்னு குறிச்சு வெச்சுக்குவோம்."

பதிவேட்டு அறையில் எழுத்தர் ஒருவர் மாவுக்கட்டுப் போட்ட கையை மேசைமேல் நீட்டி வைத்துக்கொண்டு மற்றக் கையால் எழுதிக்கொண்டிருந்தார். கட்டின்மேல் அவசரத் தொலைபேசி எண்களைக் குறித்து வைத்திருந்தார்.

"பதினேழாம் நம்பர் கிருமி ஒரு குப்பி வேணுங்க" என்றாள் லேப் அக்கா.

எழுத்தர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கிருமின்னு சொல்லாதீங்க. பதினேழாம் எண் அவர்கள்னு சொல்லணும். ரெண்டு லட்சம் பேரைக் கொன்னவர். சும்மா இல்ல."

"சரி, அவர்கள் ஒரு குப்பி வேணும்."

"உலர்ந்தவரா, குளிர்ந்தவரா?"

அப்போதுதான் அவளுக்கு விவரம் தெரியவந்தது. காப்பகத்தில் கிருமிகளை இரண்டு விதமாகக் காத்தார்கள். உலர்ப் பிரிவு கிருமியை உறையவைத்து, ஈரத்தைப் பம்ப் வைத்து உறிஞ்சி, பொடியாக்கிக் கண்ணாடிக் குப்பியில் அடைத்தது. குளிர்ப் பிரிவு அதை அப்படியே பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரியில் உறைபெட்டியில் வைத்தது. பதினேழாம் எண்ணின் தாய்க்குப்பி தங்களிடம் இருப்பதாக இரண்டு பிரிவுமே சொன்னன. மற்றப் பிரிவில் இருப்பது நகல், அதுவும் சந்தேகத்துக்குரிய நகல். இந்த விவாதம் பதினொரு வருடமாக நடக்கிறது. இதுவரை மூன்று தாடைகள், ஒரு கண், பத்தொன்பது விலா எலும்புகள். பற்களை எண்ணுவதை நிறுத்திவிட்டார்கள்.

"ஏங்க, ரெண்டையும் திறந்து வளர்த்துப் பார்த்தா தெரிஞ்சுடாதா?"

எழுத்தர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "திறக்கிறதா? திறந்தா அது வெறும் கிருமிம்மா. திறக்காத வரைக்கும்தான் சேகரிப்பு." படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "இதுல ஒரு கட்டத்துல டிக் பண்ணணும். உலர்ன்னு போட்டா குளிர்க்காரங்க வராந்தாவுல நிப்பாங்க. குளிர்னு போட்டா உலர்க்காரங்க மாடிப்படியில நிப்பாங்க. போன தடவை ஒரு காலேஜ் புரொபசர் ரெண்டுலயும் டிக் பண்ணிட்டாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"நல்லாத்தான் இருக்காரு. பேசறதில்ல. எழுதிக் காட்டறாரு."

லேப் அக்கா இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டாள். காப்பகத்தின் வரலாற்றில் அப்படி யாரும் செய்ததில்லை. எழுத்தர் படிவத்தை விளக்கில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், கடைசியில் அவளை இயக்குநரிடம் அழைத்துப் போனார். வராந்தாவில் நடக்கும்போது சுவரை ஒட்டி நடக்கச் சொன்னார். சுவரில் தோள் உயரத்துக்குப் பழுப்புக் கறை நீளமாக ஓடியது. அதற்குமேல் வரிசையாக முன்னாள் இயக்குநர்களின் படங்கள். அவர்களில் ஒருவருக்கும் மூக்கு நேராக இல்லை.

இன்றைய இயக்குநருக்கு வலது காதில் கால்வாசி இல்லை. மிச்சக் காதோடு அவர் மிகவும் கம்பீரமாக இருந்தார். மேடையில் பேசிப் பேசிப் பழகியவர் என்பதால் தனியாக ஒருவரிடம் பேசும்போதும் கூட்டத்தின் கடைசி வரிசையைப் பார்த்தே பேசினார்.

"அம்மா, இங்கிருந்து ஒரு கிருமி வெளியே போனால் வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே வரவேண்டும். அது எங்கள் மரபு. என்ன கொண்டுவந்திருக்கிறீர்கள்?"

அவள் கொழுந்தனின் குழாயை எடுத்து மேசைமேல் வைத்தாள். இயக்குநர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை அன்பாகப் பார்த்தார்.

"எத்தனை பேர்?"

"எத்தனை பேர்னா?"

"கொன்றது. ஒரு லட்சத்துக்கு மேல் முதல் வகுப்பு. பத்தாயிரத்துக்கு மேல் இரண்டாம் வகுப்பு. நூறு வரைக்கும் மூன்றாம் வகுப்பு. அதற்குக் கீழே நாங்கள் சேர்ப்பதில்லை. தரம் என்று ஒன்று இருக்கிறதல்லவா."

"யாரையும் கொல்லல சார். ஒரு கால் போகப்போகுது. என் கொழுந்தனோட கால்."

"ஒரே ஒரு கால்?"

"இடது கால்."

இயக்குநர் குழாயை விரல் நுனியால் அவள் பக்கம் தள்ளிவிட்டார். "இது உயர்ந்த நிறுவனம் அம்மா. முழுதாக ஒரு மனிதரைக்கூடக் கொல்லாத ஒன்றை முதல் வகுப்புக் கிருமிகளின் பக்கத்தில் எப்படி வைப்பது? அவர்கள் என்ன நினைப்பார்கள்?"

"அவன் செத்துப்போனா சேர்த்துப்பீங்களா?"

கேட்டவள் கிண்டலாகத்தான் கேட்டாள். இயக்குநர் கண்ணை மூடி யோசித்தார். "ஒருவர் போதாது. ஆனாலும் நல்ல தொடக்கம் என்று குறிப்பில் எழுதலாம்."

பிறகு அவர் எழுந்து ஜன்னலோரம் போய், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இந்தக் காப்பகத்தின் முதல் எதிரி எது தெரியுமா? உணவு. ஒவ்வொரு தடவை புதுத் தட்டில் வைத்து வளர்க்கும்போதும் கிருமி கொஞ்சம் சாதுவாகிறது. வேளாவேளைக்குக் கிடைத்தால் எவனுக்குத்தான் கொலை செய்யத் தோன்றும்? இருபது தடவை வளர்த்தால் அதற்கு ஒரு எலியைக்கூடக் கொல்லத் தெரியாது. அதனால் நாங்கள் வளர்ப்பதே இல்லை. பதினொரு வருடமாக எந்தக் குப்பியும் திறக்கப்படவில்லை. அந்த மூர்க்கம் ஒரு துளிகூட வெளியே கசியாமல் அப்படியே காக்கப்படுகிறது."

வெளியே வராந்தாவில் யாரையோ யாரோ கதவில் மோதும் சத்தம் கேட்டது. நான்கு முறை. பிறகு கண்ணாடி உடைந்தது. இயக்குநர் அது ஓயும்வரை மரியாதையாகக் காத்திருந்தார்.

"அப்படியே காக்கப்படுகிறது" என்று முடித்துவிட்டு, அவளுடைய படிவத்தில் 'மாற்று தகுதியற்றது, கட்டம் காலி, அடையாள நிர்ணயக் குழுவுக்கு' என்று எழுதினார். "உங்கள் நல்ல நேரம். குழு பதினொன்றரைக்குக் கூடுகிறது. ஹெல்மெட்டின் பட்டையை இழுத்துக் கட்டிக்கொள்ளுங்கள்."

குழுக் கூடம் நீளமானது. நடுவில் மேசை இல்லை. ஒரு காலத்தில் இருந்தது, அதன் கால்களைப் பிடுங்கி இரண்டு பிரிவும் பங்கிட்டுக்கொண்டன. வாசலில் ஒரு தட்டில் எல்லோரும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்கள். கழற்றியபின் ஒருவரையொருவர் அடையாளம் காண முடியாததால் உலர்ப் பிரிவு நீலத் துணியும் குளிர்ப் பிரிவு வெள்ளைத் துணியும் கையில் கட்டிக்கொண்டன. உலர்ப் பிரிவின் தலைவர் தடித்த மனிதர். பம்பிலிருந்து கழற்றிய ரப்பர் குழாய் ஒன்றைத் தோளில் போட்டிருந்தார். குளிர்ப் பிரிவின் தலைவி ஒல்லியானவள். முழங்கை வரைக்கும் தடித்த கையுறை அணிந்திருந்தாள். அந்தக் கையுறை முந்தின நாளிலிருந்து உறைபெட்டியில் இருந்தது. இப்போது அது கல்லுக்குச் சமானம்.

தலைவர் நாற்காலியில் இயக்குநர் உட்கார்ந்தார். அவருடைய வலது கையை உலர்ப் பிரிவுக்காரர் ஒருவரும் இடது கையைக் குளிர்ப் பிரிவுக்காரர் ஒருவரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தலைவர் எந்தப் பக்கமும் சாயாமல் இருக்கவேண்டும் என்பதற்காக விதி ஆறு அப்படிச் சொல்கிறது. முந்தைய இயக்குநர் ஒருவர் காலால் சாய்ந்துவிட்டதால், கால்களையும் நாற்காலியோடு கட்டுவது பற்றிய திருத்தம் நிலுவையில் இருக்கிறது.

லேப் அக்காவைச் சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். எழுத்தர் நடவடிக்கைக் குறிப்பு எழுத அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் எழுதியது இன்னும் கோப்பில் இருக்கிறது.

'பொருள் ஒன்று: விண்ணப்பதாரருக்குப் பதினேழாம் எண் அவர்களை எந்தப் பிரிவு வழங்குவது. உலர்ப் பிரிவே வழங்கவேண்டும் என்று உலர்ப் பிரிவுத் தலைவர் முன்மொழிந்து, குளிர்ப் பிரிவு முதுநிலை ஆய்வாளரின் முதுகில் ரப்பர் குழாயால் அடித்தார். இருவர் வழிமொழிந்து அதே இடத்தில் அடித்தனர். குளிர்ப் பிரிவுத் தலைவி மறுப்புத் தெரிவித்தார். மறுப்பு உலர்ப் பிரிவுத் தலைவரின் மூக்கில் விழுந்தது. மூக்கின் நிலை பற்றிய அறிக்கை அடுத்த கூட்டத்தில் வைக்கப்படும்.

'பொருள் இரண்டு: தேநீர்.'

தேநீர் இடைவேளையில் எல்லோரும் அடிபட்ட இடத்தில் ஐஸ் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஐஸைக் குளிர்ப் பிரிவு தந்தது. உலர்ப் பிரிவுக்கும் தந்தது. அதில் மட்டும் அவர்கள் பேதம் பார்ப்பதில்லை. உலர்ப் பிரிவுத் தலைவர் பஞ்சை மூக்கில் திணித்துக்கொண்டு லேப் அக்காவிடம் வந்தார்.

"காலுன்னு கேள்விப்பட்டேன். எடுத்துடுவாங்களா?"

"நாளை மறுநாள் சார்."

"அடப்பாவமே" என்றார் மனமார. "கவலைப்படாதீங்கம்மா. உங்களுக்காகத்தான் இவ்வளவு அடியும் வாங்கறோம். ரெண்டாவது சுத்துல அந்தம்மா கையை உடைச்சிட்டேன்னா சாயங்காலத்துக்குள்ள குப்பி உங்க கையில." கோட்டுப் பையைத் தட்டிக் காட்டினார். விரல் நீளத்துக்கு ஒரு குப்பி அங்கே இருந்தது. "உண்மையான தாய் இங்கதான் இருக்கு."

குளிர்ப் பிரிவுத் தலைவி இதைக் கேட்டுவிட்டாள். "அவர் பையில இருக்கறது பவுடர்மா. மூஞ்சிக்குப் போட்டுக்கலாம்."

தேநீர் அத்துடன் முடிந்தது.

இரண்டாம் சுற்று பற்றி எழுத்தரின் குறிப்பு அரைப் பக்கத்தில் நின்றுவிடுகிறது, அவருடைய நல்ல கைமேல் யாரோ விழுந்ததால். நடந்தது இதுதான். கல் கையுறை உலர்ப் பிரிவுத் தலைவரின் தாடையைச் சந்தித்தது. அவர் சரிந்தபோது ரப்பர் குழாயைத் தலைவியின் கழுத்தில் சுற்றிவிட்டுச் சரிந்தார். இரண்டு பேரையும் பிரிக்க நால்வர் போனார்கள், நால்வரையும் பிரிக்க எட்டுப் பேர் போனார்கள். ஒருவர் மேசைக்காலோடு வந்தார். ஒருவருடைய முன்பல் பறந்து வாசலில் இருந்த மூக்குக் கண்ணாடித் தட்டில் விழுந்தது. எல்லோரும் வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார்கள், எல்லோரும் படித்தவர்கள், அடிக்கும்போதுகூட ஒருவரையொருவர் 'டாக்டர்' என்றே அழைத்தார்கள். "விடுங்க டாக்டர், கண்ணு போயிடும் டாக்டர்" என்ற குரல் அந்தக் குவியலின் அடியிலிருந்து மூன்று முறை கேட்டது.

ஆனால் அவர்களில் ஒருவருக்கும் ஒரு குப்பியை உடைக்க மனம் வராது. கோட்டுப் பையிலிருந்து குப்பி விழுந்து தரையில் உருளும் சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள், ஓங்கிய கை ஓங்கியபடி. குப்பி நிதானமாக உருண்டு இயக்குநரின் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது.

லேப் அக்கா அதைப் பார்த்தாள். அதற்குள் ஒரு கால் இருந்தது. அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி, கூடத்தின் குறுக்கே நடந்து, குனிந்து, கையை நீட்டிக் குப்பியை எடுத்தாள். யாரும் தடுக்கவில்லை. ஒரு வெளியாள் ஒரு குப்பியை வெறும் கையால் எடுப்பதைப் பார்த்ததில்லை என்பதால் தடுக்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இயக்குநருக்குத் தோன்றியது. ஆனால் விதி ஆறின்படி அவருடைய இரண்டு கைகளும் பிடிக்கப்பட்டிருந்தன, பிடித்தவர்கள் கடமை தவறாதவர்கள். அவர் குனிந்து அவளுடைய முன்கையைக் கடித்தார்.

சும்மா பல் படும் கடி இல்லை. மேல்வரிசையும் கீழ்வரிசையும் ஒன்றையொன்று தேடும் கடி. லேப் அக்கா "சார், விடுங்க" என்றாள். விடவில்லை. "சார், வலிக்குது சார்" என்றாள். அவர் தொண்டைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார், நிறுவனத்தைப் பற்றி. அவள் மற்றக் கையால் ஹெல்மெட்டின் பட்டையை அவிழ்த்து, அதைக் கழற்றி, இயக்குநரின் மண்டையில் ஓங்கி அடித்தாள். இரண்டாவது அடியில் அவர் கண் மேலே போனது. மூன்றாவது அடியில் வாய் திறந்தது.

 குவியலின் அடியிலிருந்து எழுத்தரின் குரல் வந்தது. "மூணு அடி. கூட்டத்துக்கு வேண்டிய ஆள் கணக்கும் இருந்துச்சு. செல்லும்."

வாசலில் காவலாளி அவளுடைய கையில் குப்பியைப் பார்த்ததும் எழுந்து நின்றார். பதிவேட்டில் 'வழங்கப்பட்டது' என்று எழுதினார்.

"பதினாலு வருஷத்துல நீங்க மூணாவது ஆளும்மா. அடிச்சு வாங்கினீங்களா?"

"ஆமாங்க."

"அதான் நடைமுறை. மனு போட்டு யாரும் வாங்கினதில்ல." அவள் கையிலிருந்து சொட்டிய ரத்தத்தைக் கையெழுத்தின்மேல் படாமல் துடைத்துவிட்டார். "ஹெல்மெட்டைக் கொடுத்துட்டுப் போங்க. முன்னாடி நசுங்கல் புதுசு போல. பரவாயில்ல."

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒருத்தி அவளுடைய கையைக் கழுவிக் கட்டுப்போட்டாள். "நாயாக்கா?" என்று கேட்டாள்.

"இயக்குநர்."

மனிதக் கடி என்றால் காயத்தில் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டும் என்பது ஆஸ்பத்திரி வழக்கம். அதைச் செய்ய லேப் அக்காவை விட்டால் ஆள் இல்லை. கழுவுவதற்கு முன்னாலேயே தன் கையிலிருந்து தானே ஒரு குச்சி எடுத்து வைத்திருந்தாள். முதலில் குப்பியின் கழுத்தை அரத்தால் கீறி, ஒடித்து, உள்ளே இருந்த பொடியை ஒரு சொட்டு ஊட்டநீரில் கரைத்து ஒரு தட்டில் பரப்பினாள். பிறகு குச்சியை இன்னொரு தட்டில் தேய்த்தாள். இரண்டையும் வெதுவெதுப்பான பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

புதன்கிழமை காலை பெட்டியைத் திறந்தபோது பதினேழாம் எண் அவர்களின் தட்டு கழுவிவைத்த கண்ணாடிபோல இருந்தது. ஒரு புள்ளி இல்லை. அவள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ரெண்டு லட்சம் பேரைக் கொன்றவர் எப்போதோ இறந்திருந்தார்.

இன்னொரு தட்டு நிறைய வளர்ந்திருந்தது. நல்ல செழிப்பான வளர்ச்சி.

அவள் அதில் ஒரு துளியை எடுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தாள். மனித வாயில் குடியிருக்கும் மிகச் சாதாரணக் கிருமி. அந்த ஆறு மருந்துகளில் எதைக் காட்டினாலும் சாகும் என்று பாடப்புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது. இதே கிருமி நர்ஸின் வாயில் இருக்கிறது, ஸ்டோர்கீப்பரின் வாயில் இருக்கிறது, அவளுடைய வாயிலேயே இருக்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து கட்டுப்போட்ட கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தக் கிருமியைப் புதுத் தட்டில் பரப்பி, பழைய பெட்டியின் ஆறு டிஸ்க்குகளையும் எடுத்து அதன்மேல் வைத்தாள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குச் சர்ஜன் வந்தார். பச்சை உடுப்பில், கை கழுவத் தயாராக.

"என்ன ஆச்சு?"

அவள் தட்டை நீட்டினாள். ஆறு டிஸ்க்குகள், ஒரு வளையம் இல்லை. இயக்குநரின் வாய்க் கிருமி டிஸ்க்கின் விளிம்பு வரைக்கும் வந்து, மேலேறிப் படுத்திருந்தது.

"இது காப்பகத்துக் கிருமிதானே?"

"காப்பகத்துல இருந்துதான் சார் வந்துச்சு."

"இந்த மருந்துக்கெல்லாம் சாகிறதுதானே?"

"சாகணும் சார். புத்தகத்துல இருக்கு."

சர்ஜன் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தியேட்டர் பத்து மணிக்குத் தயாராக இருந்தது, ரம்பம் கொதித்து ஆறியிருந்தது. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். "அப்ப டிஸ்க்தான் செத்துப்போச்சு" என்றார். ஸ்டோர்கீப்பர் மறுபேச்சில்லாமல் புதுப் பெட்டியைப் பிரித்தார். பத்து மணிக்குக் கொழுந்தனின் கை நரம்பில் மருந்து ஏறத் தொடங்கியது, ஆறில் முதல் மருந்து, எல்லாவற்றிலும் பழையது. வெள்ளிக்கிழமை காலை, அவனுடைய சீழ்க் கிருமியின் தட்டில் புது டிஸ்க்கைச் சுற்றிக் கட்டைவிரல் அகலத்துக்கு வளையம் விழுந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜுரம் இறங்கியது.

"அண்ணி, கையில என்ன கட்டு?" என்று அவன் அன்றைக்குத்தான் கவனித்துக் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. ஆபீஸ் வேலையாப் போயிருந்தேன்."

ஆறு வாரம் கழித்து அவன் கம்பம் ஏறினான். அதே வாரம் காப்பகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினேழாம் எண் அவர்கள் ஒரு காலைக் காப்பாற்றிய செய்தி காப்பகத்துக்கு எட்டியிருந்தது. அவள் எடுத்துப் போனது உண்மையான தாய்க்குப்பிதானா என்பதைத் தீர்மானிக்க இரண்டு பிரிவுகளும் தங்களிடமிருந்த பதினேழாம் எண் குப்பிகள் அனைத்தையும் பதினொரு வருடத்தில் முதல்முறையாகத் திறந்து வளர்த்துப் பார்த்தன. உலர்ப் பிரிவின் இருநூற்றுப் பன்னிரண்டிலும் எதுவும் வளரவில்லை. குளிர்ப் பிரிவின் நூற்றுத் தொண்ணூறிலும் எதுவும் வளரவில்லை. முடிவு வெளியான அன்று ஒன்பது பேர் வெவ்வேறு ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். எனவே உயிரோடு இருக்கும் ஒரே பதினேழாம் எண் அவர்கள் தங்கள் ஆய்வகத்தில்தான் இருப்பதாக அறிகிறோம், தேசத்தின் நலன் கருதி ஒரு குழாய் அனுப்பிவைக்கவும் என்று இயக்குநர் கையொப்பமிட்டிருந்தார்.

லேப் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். எழுத்தர் எடுத்தார்.

"சார், நீங்க கேக்கறது என்கிட்ட இல்ல. குப்பியில ஒண்ணும் வளரல. நான் டெஸ்ட் பண்ணினது வேற."

"அக்கா, எனக்கு இப்ப ரெண்டு கையும் கட்டுல இருக்கு. ரிசீவரைத் தோள்ல வெச்சுப் பேசறேன். வாதம் பண்ணாம அனுப்பிடுங்க."

அவள் அனுப்பினாள். குழாயின்மேல் என்ன கிருமி, யாரிடமிருந்து, எந்தச் சூழ்நிலையில் எடுத்தது என்று சுத்தமாக எழுதி ஒட்டியிருந்தாள். வெளியிலிருந்து வரும் குழாய்களின் சீட்டை வாசலிலேயே கிழித்து எரித்துவிட்டுத்தான் உள்ளே எடுப்பார்கள். அது காப்பகத்தின் தூய்மை விதி.

அடுத்த மாதம் விழா நடந்தது. படத்தோடு செய்திமடல் வந்தது. சிவப்பு வெல்வெட்டின்மேல் கண்ணாடிப் பேழை, பேழைக்குள் குழாய். ஒருபக்கம் உலர்ப் பிரிவுத் தலைவர் தாடையில் கம்பியோடு, மறுபக்கம் குளிர்ப் பிரிவுத் தலைவி கழுத்தில் பட்டையோடு. நடுவில் இயக்குநர் இரண்டு கையும் கூப்பி நிற்கிறார், கண் கலங்கியிருக்கிறது. அவருடைய உரையும் அச்சாகியிருந்தது. 'இவருக்காக நாம் சிந்திய ரத்தம் வீண்போகவில்லை. இவரே தாய். இனி நாடெங்கும் உள்ள ஆய்வகங்கள் இவரை வைத்தே உண்மையை அளக்கும்.' இதுவரை முப்பத்தொரு ஆய்வகங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

குழாயில் இருப்பது இயக்குநருடைய எச்சில்.